நூறாவது பீஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அந்த அரை மணி நேரம் டீக்கடையில் தோள் இடிக்காமல் நிற்க முடியாது. 2025 மே மாதம், இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணையும் ட்ரோனும் விட்டுக்கொண்டிருந்த அந்த நான்கு நாட்களும் கடையில் வேறு பேச்சே இல்லை. யாரிடம் எந்த விமானம், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று ரோலிங் மில் பையன்கள் செல்போனைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். ஐபிஎல் அணியில் இன்றைக்கு யார் யார் ஆடுகிறார்கள் என்று சொல்வதுபோலத்தான் இருந்தது. ஓரமாக நின்றிருந்த கிரேன் ஆபரேட்டர் ஒருவர், என் வயதுக்காரர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்: "சரிப்பா, எல்லாம் இருக்கு. இதே மாதிரி நாலு மாசம் ஓடுனா, அப்பவும் இருக்குமா?"

பையன்கள் சிரித்தார்கள். பத்தாம் தேதி சண்டை நின்றது, பேச்சும் நின்றது. அந்தக் கேள்வி மட்டும் என் பட்டறைவரை கூடவே வந்தது.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. டர்னர். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் அடுத்தவர் லேத்தில் நின்றேன். பிறகு இங்கே வந்து மூன்று லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டு, ரோலிங் மில்களுக்குக் கப்ளிங்கும் ஷாஃப்டும் கடைந்து பிழைக்கிறேன். அம்பத்தூரில் இருந்த காலத்தில் ஆவடி டாங்க்குகளுக்கான சில்லறை உதிரிபாகங்கள் பல கை மாறி எங்கள் பட்டறைக்கும் வரும். போரோடு எனக்குள்ள தொடர்பு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிரேன் ஆபரேட்டரின் கேள்விக்கு லேத்தில் நின்றவனிடம் ஒரு பதில் உண்டு.

நான் முதன்முதலாக டாங்க் சங்கிலிப் பட்டைக்கான ஒரு சின்ன புஷ்ஷை டிராயிங்படி கடைந்து முடித்து, ஃபோர்மேனிடம் பெருமையாக நீட்டினேன். அளவில் இருபது மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார், உள்ளங்கையில் உருட்டினார். "நல்லாருக்கு. நூறாவது பீஸைக் காட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் பீஸை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். பொறுமை இருந்தால் போதும். நூறாவது பீஸ் அப்படியில்லை. அதற்குள் டூல் தேய்ந்திருக்கும். மெஷின் சூடேறி அளவு நகர்ந்திருக்கும். இரும்பு வேறு லாட்டாக வந்து கொஞ்சம் கடினமாக இருக்கும். கரண்ட் இரண்டு முறை போய் வந்திருக்கும். கடைபவனுக்கு இடுப்பு வலிக்கும். இத்தனைக்கும் பிறகு நூறாவதும் முதலாவதைப் போலவே இருக்க வேண்டும். ராஜஸ்தான் மணலில், ராத்திரி நேரத்தில், டார்ச் வெளிச்சத்தில் ஒரு ஜவான் பெட்டியில் கைவிட்டு எந்தப் புஷ்ஷை எடுத்தாலும் அது பொருந்த வேண்டும். அவர் கையில் அரம் இருக்காது, ராவிச் சரிசெய்ய நேரமும் இருக்காது.

இந்த ஒன்றைக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு வெகு காலம் பிடித்தது. 1785-ல் பாரிஸில் ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கி செய்பவர், ஐம்பது துப்பாக்கி விசைகளின் பாகங்களைக் குவித்து வைத்து, கைக்கு வந்ததை எடுத்து மாட்டச் சொன்னாராம். மாட்டிப் பார்த்து அசந்துபோனவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன். அதுவரை ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு கொல்லரின் கைப்பிள்ளை. ஒன்று உடைந்தால் அந்தக் கொல்லரைத்தான் தேட வேண்டும்.

படைபலம் என்றால் அணிவகுப்பில் ஓடும் டாங்க்கைக் காட்டுகிறார்கள். என் கணக்கில் அது முதல் பீஸ். போரை முடித்துவைப்பது நூறாவது பீஸ்.

கொசஸ்தலை ஆற்றங்கரையில்

இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. நான் குடியிருக்கும் ஊரிலேயே இருக்கிறது.

1780 ஆகஸ்ட் கடைசி வாரம், குண்டூரிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பிரிவு ஒன்று கும்மிடிப்பூண்டி வழியாகத் தெற்கே வந்தது. தளபதி கர்னல் பெய்லி. மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கியிருந்த நேரம். சென்னையிலிருந்து கிளம்பிய ஹெக்டர் மன்ரோவோடு காஞ்சிபுரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது பெய்லிக்கு வந்த உத்தரவு. அவர் கொசஸ்தலை ஆற்றுக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் இல்லை. இறங்கி நடந்து போயிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். ராத்திரி மழை கொட்டியது. ஒரு வாரத்துக்கு மேல் ஆறு இறங்கவே இல்லை. எங்கள் ஆற்றைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பித் தூங்க மாட்டார்கள்.

தாமதமாகக் கரையேறிய பெய்லியைத் திருவள்ளூர் பக்கம் பேரம்பாக்கத்தருகே செப்டம்பர் 6-ம் தேதி ஹைதரின் மகன் திப்பு மறித்தார். 10-ம் தேதி பொள்ளிலூரில், தந்தையும் மகனும் சேர்ந்து அந்தப் படையை முடித்தார்கள். நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் படையில் தப்பியவர்கள் பெரும்பாலும் கைதிகள்தான். மைசூர்க்காரர்களின் பீரங்கிக் குண்டுகளும் ராக்கெட்டுகளும் விழுந்து கம்பெனியின் மருந்து வண்டிகள் வெடித்ததுதான் திருப்பம். பக்சாரில் வென்ற பேர்பெற்ற மன்ரோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். இந்திய மண்ணில் அதுவரை கம்பெனி அப்படி அடி வாங்கியதில்லை.

அன்றைக்கு டீக்கடை இருந்திருந்தால் மைசூர்தான் ஜெயித்தது என்று சொல்லியிருப்பார்கள். ஆயுதமும் மைசூருடையதுதான் மேல். இரும்புக் குழாயில் மருந்தைத் திணித்து மூங்கிலில் கட்டிய அந்த ராக்கெட்டுக்கு இணையாக ஐரோப்பாவில் ஒன்றும் இல்லை.

பிறகு என்ன நடந்தது? இரண்டு மாதத்தில் கல்கத்தாவிலிருந்து கப்பலில் தளபதி அயர் கூட் வந்து இறங்கினார். கூடவே வங்காளத்து வரிப்பணம் பதினைந்து லட்சம் ரூபாய். புதுச் சிப்பாய், புது பீரங்கி, புது மருந்து. வெடிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு. அன்றைய உலகத்தின் நல்ல வெடியுப்பு விளைந்தது பிகாரில். 1758 முதல் அதன் முழுக் குத்தகை கம்பெனி கையில். 1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். ஆகஸ்டில் திருவள்ளூரை ஒட்டிய திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்தார். பெய்லியின் படை அழிந்த அதே பொள்ளிலூருக்கு மறுபடியும் படை போனது. தரையில் இவர்களை நாசம் செய்யலாம், கடலை வற்றடிக்க முடியாதே என்ற பொருளில் ஹைதர் அலி வருந்தியதாக ஒரு செய்தி உண்டு. அவர் சொன்னாரோ இல்லையோ, நிலவரம் அதுதான். ஒரு பெய்லி போனால் இன்னொரு பெய்லியைச் செய்துகொள்ள கம்பெனியால் முடிந்தது.

அந்தப் போர் 1784-ல் வெற்றி தோல்வி இல்லாமல்தான் முடிந்தது. கதை முடிய 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழ வேண்டியிருந்தது. விழுந்த கோட்டையிலிருந்து ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. லண்டன் பக்கத்தில் வூலிச் ஆயுதச்சாலையில் வில்லியம் காங்கிரீவ் அவற்றை வைத்து ஆராய்ந்து, அளவு நிர்ணயித்து, வரிசையாகச் செய்ய ஆரம்பித்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தின்மீது அவை விழுந்து ஊரே எரிந்தது. நாசாவின் ஒரு கூடத்தில் திப்புவின் ராக்கெட் படை ஓவியமாக மாட்டியிருந்ததைப் பார்த்து நெகிழ்ந்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை நமக்கெல்லாம் உண்டு. பெருமைப்படும்போது பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் பீஸ் மைசூருடையது, நூறாவது பீஸ் வூலிச்சுடையது.

பேட்டனும் விஜயந்தாவும்

1965 போரில் பாகிஸ்தானிடம் அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்க்குகள் இருந்தன. அன்றைய தேதிக்கு நம்மிடம் இருந்தவற்றைவிடப் புதியவை. பஞ்சாபில் கேம்கரன் பக்கம் அசல் உத்தரில், நம் படையினர் கால்வாய்த் தண்ணீரைத் திறந்து வயலைச் சேறாக்கி, கரும்புக்குள் பதுங்கி அவற்றை அடித்தார்கள். ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்க்குகளை உடைத்து உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. நல்ல ஆயுதம் வைத்திருந்தவர் தோற்றார் என்பதற்கு இந்தக் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

நான் சொல்வது அதற்கடுத்த கதை. அந்தச் செப்டம்பரில் அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்தியது. பலதரப்பட்ட சாமான் வைத்திருந்த நமக்கு அது சிறு காயம். டாங்க்கும் விமானமும் பெரும்பாலும் அமெரிக்காவுடையதாகவே வைத்திருந்த பாகிஸ்தானுக்கு அது கழுத்தில் கை. டாங்க்கை ஒரு முறை வாங்கினால் போதும். அதன் உதிரிபாகத்தை ஒவ்வொரு வருஷமும் வாங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் விற்பவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருஷக் கடைசியில்தான் ஆவடியில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது பள்ளிப் புத்தகத்தில் உண்டு. ஆறு வருஷம் கழித்து, 1961-ல், அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு, நம் ஆட்களின் கை. முதலில் பாகங்களை வரவழைத்து மாட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யக் கற்றார்கள். இருபது வருஷத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதைச் சுற்றித்தான் அம்பத்தூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் முழுக்க லேத் பட்டறைகள் முளைத்தன. என்னைப் போன்றவர்களுக்கு மைக்ரான் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது அந்தத் தொழிற்சாலையின் டிராயிங்தான்.

டாங்க் தொழிலில் இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் டைகர் டாங்க்கை எதிர்த்து நிற்க ஒன்றும் இல்லை என்பார்கள். அதன் முதல் வகையில் அவர்கள் செய்தது சுமார் 1,350. ரஷ்யர்களின் டி-34 அவ்வளவு நேர்த்தியில்லை, வெல்டிங்கைப் பார்த்தாலே தெரியும். ஆனால் போர்க்காலத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது 1,500-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி, பெரும்பாலும் உரால் மலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய் மறுபடி மாட்டியவர்கள் அவர்கள். படை பின்வாங்கியதைச் சரித்திரம் எழுதுகிறது. லேத்துகள் பின்வாங்கிப் பிழைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குண்டு எத்தனை நாளுக்கு?

ஏவுகணை, டாங்க் எல்லாம் பெரிய சாமான். பீரங்கிக் குண்டு அப்படியில்லை. எங்கள் கண்ணுக்கு அது ஒரு ஃபோர்ஜிங், கொஞ்சம் டர்னிங், ஒரு நூல் வெட்டு, அப்புறம் மருந்து. நூறு வருஷம் பழைய தொழில். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபோது, உலகத்திலேயே படைக்கு மிக அதிகமாகச் செலவழிக்கும் அமெரிக்கா மாதத்துக்குச் செய்துகொண்டிருந்த 155 மி.மீ. குண்டு சுமார் 14,000. அந்தப் போர்க்களத்தில் அது சில நாள் தீனி. ஒரு வருஷத்தில் பத்து லட்சம் குண்டு தருகிறோம் என்று 2023 மார்ச்சில் சொன்ன ஐரோப்பிய ஒன்றியம், கெடு முடிந்தபோது பாதியைத்தான் தொட்டிருந்தது. பணம் இல்லாமல் அல்ல. சோவியத் யூனியன் உடைந்த பிறகு இனி பெரிய போர் இல்லை என்று ஆர்டரை நிறுத்தினார்கள். ஆர்டர் நின்றதும் பட்டறை மூடியது, பட்டறை மூடியதும் ஆள் போய்விட்டான். முப்பது வருஷம் கழித்துப் பணத்தை நீட்டினால் ஆள் எங்கே வருவான்?

நம் வீட்டைப் பார்ப்போம். கார்கில் போரின்போது போஃபர்ஸ் பீரங்கிக்குக் குண்டு போதாமல் வெளிநாட்டில் அவசரமாக வாங்கினோம். இருப்பதை வைத்துப் போரிடுவோம் என்று தளபதி வி.பி. மாலிக் அப்போது வெளிப்படையாகவே சொன்னார். 2017-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, 40 நாள் கடும்போருக்கு இருக்க வேண்டிய 152 வகை வெடிபொருட்களில் 61 வகை பத்து நாளுக்குக்கூடக் காணாது என்றது. அதன்பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. குண்டுகளை இப்போது நாமே வெளிநாட்டுக்கு விற்கிறோம். ஆனால் "நாலு மாசம் ஓடுனா?" என்று அந்தக் கிரேன் ஆபரேட்டர் கேட்டது வெறும் டீக்கடைக் கேள்வி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழிற்சாலை தராத வெற்றி

இப்படிப் பேசினால் ஒருவர் கட்டாயம் கேட்பார்: அமெரிக்காவிடம் இல்லாத தொழிற்சாலையா? வியட்நாமில் ஏன் தோற்றது? ஆப்கானிஸ்தானில் இருபது வருஷம் இருந்துவிட்டு 2021-ல் ஏன் கிளம்பியது?

நியாயமான கேள்வி. வியட்நாம் வெறும் மூங்கில் பொறியால் ஜெயித்ததாக நினைப்பது அந்த மக்களின் உழைப்பையே குறைத்துச் சொல்வது. அவர்களுக்குப் பின்னால் சோவியத், சீனத் தொழிற்சாலைகள் இருந்தன. காட்டுவழியாக அந்தச் சரக்கைச் சைக்கிளிலும் லாரியிலும் ஓயாமல் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா எவ்வளவு குண்டு போட்டும் அந்தப் பாதையை அடைக்க முடியவில்லை. ஆப்கானிஸ்தான் வேறு பாடம். தொழிற்சாலையால் ஊரைப் பிடிக்க முடியும், ஊராரைப் பிடிக்க முடியாது. களத்தில் யார் நிற்பார் என்பதைப் பட்டறை தீர்மானிக்கலாம். போர் முடிந்தபின் யார் சொல் எடுபடும் என்பது பட்டறைக்குக் கட்டுப்பட்டதல்ல. இதை ஒத்துக்கொண்டுதான் நான் பேசுகிறேன்.

இன்னொரு போரையும் சொல்லாமல் கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்து இதை எழுத முடியாது. எங்கள் ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 முதல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்கிறது. என் ஷெட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பெயின்ட் அடிக்க வருபவர் அந்த முகாமைச் சேர்ந்தவர். 2006-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகில் தனுஷ்கோடி வந்து, மண்டபம் வழியாக இங்கே வந்தவர். என் மேஜைமேல் அந்தப் பழைய புஷ் ஒன்று பேப்பர் வெயிட்டாகக் கிடக்கும். போன முறை அதைக் கையில் எடுத்து, "இது என்னத்துக்கு அண்ணை?" என்றார்.

"டாங்க்குக்குத் தம்பி. சங்கிலிப் பட்டையில வரும்."

சட்டென்று கீழே வைக்கவில்லை. துடைத்துவிட்டுத்தான் வைத்தார். "என்ட அண்ணரும் லேத் வேலைக்காரர்தான். வன்னியில பொடியளுக்குக் கடைஞ்சு குடுத்தவர். எங்கட ஆக்கள் செய்யாத சாமான் இல்லை அண்ணை. கடைசியில இரும்பும் இல்லை, மருந்தும் இல்லை." சிறிது நேரம் கழித்து, "அந்த மே மாசத்துக்குப் பிறகு அவரிட்ட இருந்து ஒரு சேதியும் இல்லை" என்றார். மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னதில் போரின் கணக்கு முழுவதும் இருக்கிறது. புலிகள் கண்ணிவெடியும் பசிலன் மோட்டாரும் படகும் தாங்களே செய்தார்கள். 2000 ஏப்ரலில் ஆனையிறவைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணமே விழும் என்ற அந்த நேரத்தில் இலங்கை அரசு வெளிநாடுகளிலிருந்து பல்குழல் ராக்கெட் ஏவிகளையும் போர் விமானங்களையும் அவசரமாக வாங்கித் தப்பித்தது. இலங்கையிலும் டாங்க் தொழிற்சாலை கிடையாது. இரு தரப்பும் அடுத்தவர் பட்டறையை நம்பித்தான் போரிட்டார்கள். வித்தியாசம் பாதையில். அரசுக்குத் துறைமுகம் திறந்திருந்தது, கடன் கிடைத்தது, சீனா முதல் இஸ்ரேல் வரை விற்க ஆள் இருந்தது. இந்தியா கொடுத்த ரோந்துக் கப்பல்களும் அந்தக் கடற்படையில் ஓடின. புலிகளுக்குக் கடல்தான் ஒரே பாதை. 2006-க்கும் 2007-க்கும் இடையில் அவர்களுடைய ஆயுதக் கப்பல்கள் ஆழ்கடலில் ஒவ்வொன்றாக மூழ்கடிக்கப்பட்டன. இயக்கத்துக்குள் பிளவு, உலக நாடுகளின் தடை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கப்பல்கள் மூழ்கியபின், முடிவு எப்போது என்பது மட்டும்தான் பாக்கி. அது 2009 மே 18-ல் வந்தது.

ஹைதருக்குக் கடல் எட்டாமல் போனது. இவர்களுக்குக் கடல் எட்டியும் அடைபட்டது. யார் பக்கம் நியாயம் என்பதை இந்தக் கணக்கு சொல்லவே சொல்லாது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் செத்த ஜனங்கள் எந்தப் பட்டறையின் கணக்கிலும் இல்லை. வலுத்தவன் வென்றான் என்பதால் வென்றவன் செய்ததெல்லாம் சரியாகிவிடாது. நான் கடைந்த புஷ் ஓடிய பட்டைக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நினைப்பில்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பெருமை பேசுகிறவரை நான் நம்ப மாட்டேன்.

என்ன செய்யலாம்?

போர் வேண்டாம் என்று நினைக்கிறவன்தான் நானும். ஆனால் பலமில்லாதவன் வேண்டாம் என்பது கெஞ்சல், பலமுள்ளவன் வேண்டாம் என்பது முடிவு. அந்தப் பலம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் எப்படி இருக்கிறது?

2021 அக்டோபர் 1-ம் தேதி, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டாங்க் செய்யும் நிறுவனத்துக்குத் தலைமையகம் ஆவடி. பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் அங்கே வெடிமருந்து ஆலை வைத்து ஆசியா முழுதும் இருந்த தங்கள் கோட்டைகளுக்கு அனுப்பினார்கள். அதே கடலோரத்தில், காட்டுப்பள்ளிக் கப்பல்கட்டும் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' என்ற கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் ரிப்பேருக்கு நின்றது அதுதான் முதல் தடவை. ஏவுகணை விட்டால் செய்தி. ரிப்பேர் செய்தால் உள்பக்கத்தில் நாலு வரி. எனக்கு இரண்டாவதுதான் பெரிய செய்தி.

பலவீனமும் இங்கேயே இருக்கிறது. அர்ஜுன் டாங்க்குக்கு 1974-ல் திட்டம் போட்டார்கள். 2000-ல் 124 டாங்க்குக்கு ஆர்டர். முதல் ஐந்து ராணுவத்துக்குப் போனது 2004-ல். மேம்படுத்திய 118 டாங்க்குக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் வந்தது 2021 செப்டம்பரில். இரண்டு ஆர்டருக்கும் நடுவில் இருபத்தோரு வருஷம். அதன் 1,400 குதிரைத்திறன் இன்ஜின் ஜெர்மனியுடையது. ஆவடி ஆராய்ச்சி மையம் 1,500 குதிரைத்திறனில் சொந்த இன்ஜின் வடிவமைத்து, 2024 மார்ச்சில் முதன்முறையாக ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்த ஊர் மைசூர். மைசூரில் மறுபடியும் ஒரு முதல் பீஸ். நூறாவதும் இந்த முறை நம்முடையதாகவே இருக்க வேண்டும்.

அதற்குப் பட்டறைக்காரனாக நான் கேட்பது மூன்று.

ஒன்று, ஆர்டர் விட்டு விட்டு வரக்கூடாது. ஒரு வருஷம் முந்நூறு பீஸ், அடுத்த இரண்டு வருஷம் ஒன்றுமில்லை என்றால் எந்தப் பட்டறையும் நல்ல டர்னரை வைத்துக்கொள்ள முடியாது. அவன் துபாய் போவான், இல்லை உணவு டெலிவரிக்குப் போவான். கொஞ்சமாக இருந்தாலும் வருஷா வருஷம் தாருங்கள்.

இரண்டு, பணம். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் இருக்கிறது. ஒரு பெரிய நிறுவனம் எனக்கு ஒரு பில்லுக்குப் பதினோரு மாதம் கழித்துப் பணம் கொடுத்தது. வழக்குப் போட்டிருக்கலாம், அடுத்த ஆர்டர் வந்திருக்காது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைத்தார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து முனைகள். மேடையில் பெரிய கம்பெனிகள் ஏறட்டும். அவர்களுக்குப் பின்னால் மூன்றாம் கையாக நிற்கும் லேத்துக்குப் பணம் எத்தனை நாளில் போகிறது என்பதையும் அரசு அளந்து வெளியிடட்டும்.

மூன்று, ஆள். கம்ப்யூட்டர் மெஷின் வந்துவிட்டது, இனி கைத்தொழில் எதற்கு என்கிறார்கள். மெஷின் சொன்னதைச் செய்யும். டூல் தேய்வதைச் சத்தத்திலேயே கண்டுபிடிப்பது காது. அந்தக் காது ஐடிஐ வகுப்பறையில் வராது. பட்டறையில் இரண்டு வருஷம் நின்றால் வரும். பயிற்சிக் காலத்தில் பையன் வயிறு நிறையும்படி உதவித்தொகை கொடுத்தால் நிற்பான்.

இதெல்லாம் போருக்காக மட்டும் கேட்பதில்லை. டாங்க் புஷ் கடையத் தெரிந்த கைக்கு ஆஸ்பத்திரி மெஷின் பாகமும் கடையத் தெரியும். வெடிகுண்டுக்கு ஃபோர்ஜிங் அடிக்கும் ஆலை, அமைதிக் காலத்தில் டிராக்டருக்கு அடிக்கும். பட்டறை இருந்தால் இரண்டுக்கும் ஆகும். இல்லையென்றால் இரண்டுக்கும் அடுத்தவன் வாசல்தான்.

அந்தக் கிரேன் ஆபரேட்டரை இப்போதும் இரண்டு மணிக்குப் பார்க்கிறேன். அவர் கேள்விக்கு டீக்கடையில் பதில் சொல்ல எனக்குக் கூச்சம்.

போன வாரம் பொன்னேரிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்த பையன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். நூறு கப்ளிங் ஜாப். முதல் பீஸை முடித்து, துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அளந்து பார்த்தேன், நல்லாயிருந்தது. எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு எண்ணினோம். தொண்ணூற்றிரண்டு தேறியது. எட்டு ஸ்கிராப் பெட்டிக்குப் போனது. பையனுக்கு முகம் செத்துவிட்டது. காலையில் ஏழு மணிக்கு நான் போனபோது, எனக்கு முன்னால் வந்து அந்த எட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே போனது என்று அளந்துகொண்டிருந்தான்.